கொடிமலைக்கு வாருங்கள், இருவாச்சியைப் பாருங்கள்!

பினாங்குக்கு வருகிறவர்கள் நாசி கண்டார் சாப்பிடுகிறார்கள், ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஊருக்கு மேலே கொடிமலையில் பெரிய இருவாச்சி பறக்கிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா!

முதலில் சத்தம்தான் வரும். மலை ரயிலில் ஏறி, மேலே கோயிலில் அருளொளி திருமுருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டோரம் நின்றிருந்தேன். தலைக்கு மேல் நீராவி எஞ்சின் கிளம்புவதுபோல 'வுஷ், வுஷ்' என்று ஓர் இரைச்சல். சிறகுகளின் அடிப்பக்கத்தை மூடும் சிறு இறகுகள் இருவாச்சிக்குக் குறைவு. இடுக்குகளில் காற்று புகுந்து அப்படி இரைகிறது. நிமிர்ந்தால், அம்மாடி! ஒரு மீட்டர் நீளப் பறவை, ஒன்றரை மீட்டர் சிறகு விரிப்பு, கருஞ்சிறகில் வெள்ளைப் பட்டை, அலகுக்கு மேல் இன்னொரு அலகு வைத்ததுபோல மஞ்சள் கொண்டை. அந்த மஞ்சள் அதுவே பூசிக்கொள்வது! வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்துக் கழுத்திலும் சிறகிலும் தேய்க்கிறது. ஆணுக்குச் சிவப்புக் கண், பெண்ணுக்கு வெள்ளைக் கண்.

இதன் குடும்ப வாழ்க்கைதான் என்னை ஆட்கொண்டது. பெண் உயர்ந்த மரத்துப் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டை பொரிய நாற்பது நாள் வரை ஆகும். உள்ளேயே தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுகிறது. அத்தனை நாளும் ஆண் அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுகிறது. அதை ஒருவன் சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருப்பவையும் பட்டினியில் வாடும்.

காட்டு ஜாதிக்காயையும் விழுங்கும். விதையைத் தொலைவில் உமிழ்ந்து மரம் நட்டுவிட்டுப் போகும். தமிழ்நாட்டு வால்பாறையில் பறப்பதும் இதே இனம்தான். மலேசியாவில் இருவாச்சி இனங்கள் பத்து; என் மனம் இதற்கே!

கொடிமலைக் காடு 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. ஆனால் 2018 முதல் இப்பறவை உலக அளவில் 'அழியக்கூடியவை' பட்டியலில் இருக்கிறது. பொந்துள்ள முதுமரங்கள் போனால் கூடும் போயிற்று.

அடுத்த முறை வரும்போது காலை முதல் ரயிலில் ஏறுங்கள். பழுத்த அத்திமரம் ஒன்றின் கீழே சத்தமில்லாமல் நில்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.