பூட்டைத் திறக்காத பாடம்

தமிழ்நாடு அரசு 2018-ல் கொண்டுவந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம், இரண்டாம் தொகுதி. பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரவு செலவு பார்த்துப் பழகிய கண், எங்கே இடிக்கிறது என்று தேடும்!

முதலில் வரவு. கலர் படம், க்யூ.ஆர். கோடு என்று புத்தகம் ஜோர். 'பருப்பொருளின் பண்புகள்' பாடத்தில் தமிழ்ச் சொற்கள் அதைவிட ஜோர். எலாஸ்டிசிட்டி என்றால் மீட்சி. விஸ்காசிட்டி என்றால் பாகுநிலை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிய எந்த அம்மாவும் பாதிப் பாடத்தை நடத்திவிடுவார்.

செலவு எங்கே? கேள்விகளில். எஃகு, ரப்பர் இரண்டில் எதற்கு மீட்சி அதிகம் என்று கேட்கிறார்கள். 'எஃகு, யங் குணகம் அதிகம்' என்று எழுதினால் மார்க் விழும். ஆனால், எழுதுகிற பிள்ளையே அதை நம்பாது. எலாஸ்டிக் என்றால் இழுத்தால் நீளுவது என்றுதானே நமக்கெல்லாம் நினைப்பு?

திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் கேட்டால் விஷயம் விளங்கிவிடும். சாவி, லீவர்களைத் தூக்குகிறது. சாவி விலகியதும் ஸ்பிரிங் அவற்றைப் பழைய இடத்துக்கே தள்ளுகிறது. அந்த இடத்தில் அதே அளவு ரப்பர் துண்டை வைத்தால் தள்ளத் தெம்பு இருக்காது. எவ்வளவு நீளும் என்பதல்ல, திரும்புவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. அதே ஸ்பிரிங்கை ரொம்ப வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். மீட்சி எல்லை தாண்டிவிட்டது. அவ்வளவுதான் சார் பாடம்!

வெப்ப விரிவுக்கும் இதே பூட்டு போதும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டு இறுகினால் 'வெயிலுக்கு விரிஞ்சிடுச்சு' என்கிறோம். நிஜமா? 5 செ.மீ. பித்தளை, 20 டிகிரி சூடேறினால் சுமார் 0.019 மி.மீ. நீளும். இரும்பு 0.012. வித்தியாசம் 0.007 மி.மீ. இதில் பூட்டு எங்கே இறுகும்? துருவையும் தூசியையும் பாருங்கள். இதைக் கேள்வியாகக் கேட்டால் எந்த நோட்ஸாலும் காப்பாற்ற முடியாது. இன்னொன்று: தேங்காயெண்ணெய் விட்ட பூட்டை டிசம்பரில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? சுமார் 24 டிகிரிக்குக் கீழே அந்த எண்ணெய் உறைந்துவிடும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும், அலிகாரின் மெஷின் பூட்டு விலையோடு கைவேலை மல்லுக்கட்ட முடியவில்லை. பிள்ளைகள் பட்டறைக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படித்து எங்கேயோ போகட்டும். ஆனால், அப்பாவின் விரலுக்குத் தெரிந்ததுதான் புத்தகத்தில் இருக்கிறது என்பது தெரியாமலே, 'எங்கப்பா படிக்காதவரு' என்று சொல்லிக்கொண்டு போகிறதே, அதுதான் நஷ்டம்.

அடுத்த தடவை புத்தகத்தைத் திருத்தும்போது, பிரித்துப் போட்ட ஒரு பூட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள் ஐயா.