முடிச்சுப் போட்ட கவர்

பிளாஸ்டிக் கவரை ஒரே தடவை பயன்படுத்திவிட்டு எறிகிற வீடு நம்மூரில் குறைவு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கவர் தொங்கும். மளிகைக் கடை, காய்கறி வண்டி, மருந்துக் கடை என்று எங்கிருந்தெல்லாமோ வந்த கவர்களை அதற்குள் திணித்து வைத்திருப்பார்கள். மழைநாளில் ரேஷன் கார்டைச் சுற்ற ஒன்று, ஊருக்குப் போகையில் ஈரத்துணியைப் போட ஒன்று, பக்கத்து வீட்டுக்கு நாலு முருங்கைக்காய் கொடுத்தனுப்ப ஒன்று. கசங்கி நைந்துபோனதைக் கடைசியில் குப்பைக் கூடைக்குள் விரிப்பார்கள். 'ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்' என்று அரசு பெயர் வைத்த பொருள் இப்படி நாலைந்து வேலை பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போகிறது. எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதைப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கு ஆதரவான வலுவான சாட்சியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பை தயாராவதில் தொடங்கிக் குப்பையாவது வரை, புவி வெப்பமாதலில் ஒவ்வொரு வகைப் பைக்கும் எவ்வளவு பங்கு என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். ஒரே தடவை பயன்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குச் சமமாக வேண்டும் என்றால் பருத்திப் பை 131 தடவை கடைக்குப் போய் வர வேண்டும். அந்தக் கவர்கள் அத்தனையும் வீட்டுக் குப்பைக் கூடைக்கு உறையாக மறுபடி பயன்பட்டால் 131 என்பது 327 ஆகிவிடும். டென்மார்க் அரசின் 2018ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கடுமையானது. தட்பவெப்பத்தை மட்டும் பார்த்தால் பருத்திப் பைக்கு 52 தடவை போதும். ஓசோன் படலம், நீர் என்று எல்லா அளவுகோலையும் வைத்தால் 7,100 தடவை வேண்டும்.

இந்த எண்களைக் காட்டித்தான் துணிப்பைப் பிரசாரம் வெற்று உணர்ச்சி என்று சிலர் வாதிடுகிறார்கள். எண்கள் பொய்யல்ல. ஆனால் 131 எப்படி 327 ஆனது என்று பார்த்தால் விஷயம் புரியும். இங்கிலாந்தில் சமையலறைக் குப்பைக்குக் கடையில் காசு கொடுத்து உறை வாங்கும் பழக்கம் உண்டு. மளிகைக் கவரை விரித்தால் அப்படி வாங்க வேண்டிய உறை ஒன்று மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் கவரின் கணக்கில் வரவு வைத்தார்கள். அங்கே அது சரி. கலிஃபோர்னியாவில் ஊர் ஊராகக் கவருக்குத் தடை வந்தபோது நடந்ததை ரெபெக்கா டெய்லர் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2019இல் எழுதினார். தடையால் குறைந்த பிளாஸ்டிக் சுமார் 1.8 கோடி கிலோ. இலவசக் கவர் இல்லாமல் போனதால் மக்கள் கூடுதலாக விலைக்கு வாங்கிய குப்பைப் பைகள் சுமார் 54 லட்சம் கிலோ. கவர் உண்மையிலேயே இன்னொரு பையை மிச்சப்படுத்திக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. அதைக் கழித்த பிறகும் பெரும்பங்கு மிச்சம் நிற்கிறது என்பதையும் அந்த ஆய்விலிருந்தே சொல்ல வேண்டும்.

நம் வீட்டில் அந்த வரவு எங்கிருந்து வரும்? கவர் வராவிட்டால் குப்பைக்கு என்ன செய்திருப்போம்? ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வண்டி வந்ததும் கொட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்திருப்போம். பல வீடுகளில் இன்றும் அதுதான் வழக்கம். இங்கே உறை எந்தப் பொருளையும் மிச்சப்படுத்தவில்லை, கழுவும் வேலையை மட்டும் மிச்சப்படுத்துகிறது. கறுப்புக் குப்பைப் பை ரோல் வாங்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு இங்கிலாந்துக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். மற்றவர்களுக்குப் பொருந்தாது. எடையும் ஒத்துவராது. அந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட பருத்திப் பை ஏறக்குறைய 180 கிராம், கவர் 8 கிராம். நம் கல்யாணத் தாம்பூலப் பையும் அண்ணாச்சி கடைக் கவரும் அவற்றைவிட மெலிந்தவை. ஆகவே 131 என்ற எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது.

இன்னொரு பெரிய விடுபடல் உண்டு. தெருவிலும் சாக்கடையிலும் சிதறும் கவரை இங்கிலாந்துக் கணக்கில் எடைபோடவில்லை. டென்மார்க் ஆய்வாளர்கள் தங்கள் நாட்டில் அது மிகச் சொற்பம் என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவைத்தார்கள். அங்கே கவர் குப்பைத் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து எரியுலைக்குப் போகும், கதை முடிந்தது. இங்கே கவர் வீட்டை விட்டுப் போன பிறகுதான் கதையே தொடங்குகிறது.

அந்தக் கவர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். முந்தின நாள் சாதம், டீத்தூள், வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, வெங்காயச் சருகு எல்லாம் ஒரே கவரில் சேரும். மூலையில் ஒரு பழைய சவரப் பிளேடும் இருக்கலாம். இரண்டு காதையும் இழுத்து இறுக்கி ஒரு முடிச்சு, ஒழுகக்கூடாது என்று அதன் மேல் இன்னொரு முடிச்சு. சுத்தமான கை செய்யும் வேலை அது. உள்ளே காற்று போகாமல் சாதம் புளித்து நீர் விட ஆரம்பிக்கும். மறுநாள் உரக்கூடத்தில் தூய்மைப் பணியாளர் அதை எடுக்கும்போது முடிச்சு அவிழாது. ஈரத்தில் இன்னும் இறுகியிருக்கும். கையால் கிழித்துக் கவிழ்க்க வேண்டும். புளித்த நீர் முழங்கை வரை வழியும், பிளேடு இருந்தால் கையுறையைத் தாண்டிக் கிழிக்கும். கொட்டியதும் கையில் எஞ்சுவது குழம்பும் பருக்கையும் ஒட்டிய ஒரு துண்டுக் கவர். அதைக் கழுவ யாருக்கும் நேரமில்லை. எடைக்குப் போட்டால் காசும் கிடையாது. கிழிக்காமல் தப்பிய கவர்கள் உரத்தோடு சேர்ந்து அரைபட்டுத் துணுக்குகளாகும். துணுக்கு கலந்த உரத்தை எந்த விவசாயி விரும்பி வாங்குவார்?

நம் வீட்டுக் குப்பையில் மிகச் சுலபமாக மண்ணுக்குத் திரும்பக்கூடியது சமையலறைக் கழிவு. அதைக் கவருக்குள் போட்டு முடிந்தால் இரண்டும் கெட்டுவிடுகின்றன. சாதம் உரமாவதற்குத் தடை விழுகிறது, கவர் இன்னொன்றாக மாறுவதற்கும் வழி அடைபடுகிறது. மெல்லிய கவருக்கும் ஒரு மறுபிறப்பு உண்டு என்பதைக் காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் உருகி மேற்பூச்சாகப் படியும், தார் அதை நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்ட முறை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அந்த வேலைக்கு வேண்டியது காய்ந்த, சுத்தமான கவர். சாம்பார் பட்ட கவர் அங்கே சேராது.

உரக்கூடத்துக்கே வராமல் தெருமுனைத் தொட்டியில் தங்கிவிடும் கவர்கள் மாட்டைத் தேடிப் போகின்றன. வெறுங்கவரை மாடு பெரும்பாலும் தேடுவதில்லை. சாதமும் காய்த்தோலும் உள்ளே இருப்பதால்தான் அது வாய் வைக்கிறது, முடிச்சை அவிழ்க்கத் தெரியாததால் கவரோடு விழுங்குகிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். நாங்கள் கண்ட இடத்தில் எறிவதில்லை, முறையாகக் கட்டித்தான் போடுகிறோம் என்று நினைக்கும் வீடுகள் இதைக் கேட்க வேண்டும். அந்த 52 கிலோவில் அலட்சியமாக எறிந்தவர்கள் பங்கோடு, ஒழுங்காகக் கட்டியவர்கள் பங்கும் சேர்ந்திருக்கும்.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். வாளியைத் தினமும் கழுவுவது யார்? பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண், அல்லது அந்த வீட்டுக்கு வேலைக்கு வரும் இன்னொரு பெண். சூழலைக் காக்கும் வேலை மறுபடியும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. இந்தப் புகார் முழுக்க உண்மை. ஆனால் கவரை விரிப்பதால் அந்த வேலை ஒழிந்துவிடவில்லை, உரக்கூடத்தில் நிற்கும் இன்னொருவர் கைக்கு மாறியிருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் ஒரு பெண்தான் நிற்கிறார். அவருடைய வேலை வாளி கழுவுவதைவிடப் பல மடங்கு அருவருப்பானது, ஆபத்தானது. வீட்டில் ஆணும் வாளியைக் கழுவலாம் என்பதுதான் இந்தப் புகாருக்கு முறையான விடை. நாற்றத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டுக் கழிவைப் போட வேண்டும், அடியில் ஒரு பழைய பேப்பரை விரிக்க வேண்டும், பெரிய கூடைக்குப் பதில் அன்றன்று காலியாகும் சின்ன வாளி வைக்க வேண்டும்.

ஆணியில் தொங்கும் மற்ற கவர்களுக்கு வருகிறேன். ஈரத்துணிக்கு, ரேஷன் கார்டுக்கு, பக்கத்து வீட்டு முருங்கைக்காய்க்கு என்று பயன்படுத்துவதில் கெடுதல் இல்லை. ஆனால் அதையே சேமிப்பு என்று சொல்ல நான் தயாரில்லை. மறுபயன்பாட்டை அளக்க ஒரே ஒரு சோதனைதான் உண்டு: இதனால் இன்னொரு கவர் வீட்டுக்குள் வராமல் நின்றதா? ஆணியில் தொங்கும் மூட்டை மாதா மாதம் பருத்துக்கொண்டே போகிறது என்றால் பதில் தெரிந்துவிடும். பழைய கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதே அண்ணாச்சி கடைக்குப் போய், அதிலேயே பருப்பும் சீனியும் வாங்கி வந்தால் கணக்கு அன்றைக்கே பாதியாகும். இரண்டு நடைக்கு ஒரு கவர், மூன்று நடைக்கு ஒரு கவர். ஆயிரம் வேலைக்கு எடுக்கும் அந்தக் கவரை, எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலைக்கு மட்டும் நாம் திரும்ப எடுப்பதில்லை. கடைக்காரர் கேட்காமலே புதுக் கவரை உதறி விரித்துவிடுகிறார், வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கூச்சம்.

இதே சோதனையைத் துணிப்பைக்கும் வைக்க வேண்டும். 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. கிராமத்தான் அடையாளம் என்று கேலிக்கு உள்ளான பையை மரியாதையோடு திருப்பிக் கொண்டுவந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்கிவந்து பரணில் அடுக்கிய தாம்பூலப் பைகள் எந்தக் கவரையும் தடுக்கவில்லை. துணிக்கும் விலை உண்டு. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சாயம் என்ன செய்யும் என்பது நொய்யல் ஆற்றங்கரைக்குத் தெரியும். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்ததே. வாரத்துக்கு இரண்டு நடை போகும் ஒரு மஞ்சப்பை, இங்கிலாந்து சொன்ன 131ஐக்கூட ஒன்றேகால் வருடத்தில் தாண்டிவிடும். பரணில் இருக்கும் பத்துப் பைகள் எந்தக் காலத்திலும் தாண்டாது. கைவசம் ஒரு கட்டைப்பையோ ஒயர் கூடையோ இருக்கிறவர்கள் புதிதாக மஞ்சப்பை வாங்கத் தேவையே இல்லை.

தடையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் எந்தத் தடிமனிலும் கைப்பிடிக் கவர் கூடாது. மத்திய விதி 50 மைக்ரான், பிறகு 75, 2022 கடைசியிலிருந்து 120 என்று ஏறிக்கொண்டே வந்தது. அப்படியும் மீன்கடையிலும் பூக்கடையிலும் கவர் கிடைக்காத நாள் இல்லை.

என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. கடைக்கே திரும்பப் போகும் கவர் நல்ல கவர். வீட்டில் இருப்பது கிழியும் வரை அதையே கொண்டுபோவது, அதை எறிந்துவிட்டுப் புது மஞ்சப்பை வாங்குவதைவிட மேல். சமையலறைக் கழிவைச் சுமந்து முடிச்சோடு வெளியேறும் கவரை மறுபயன்பாடு என்ற பெயரால் காப்பாற்ற முடியாது. அதில் மிச்சமாவது ஒன்றுமில்லை, கெடுவது இரண்டு. ஒரே ஒரு விலக்கு தருவேன்: நாப்கின், குழந்தைகளின் டயாப்பர். அவற்றை எப்படியும் உரமாக்க முடியாது, பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. சுற்றிக் கட்டி, மேலே அடையாளம் எழுதித் தனியாகக் கொடுப்பதுதான் அதைத் தொடும் பணியாளருக்குப் பாதுகாப்பு. நைந்த கவரின் கடைசி வேலை அதுவாக இருக்கட்டும்.

மற்றபடி கிழிந்த கவர்களைக் கழுவி, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கொடியில் காயவைத்துச் சேர்த்து வைப்பது வீட்டால் முடிகிற காரியம். அதற்கு மேல் வீட்டால் முடியாது. திடக்கழிவு விதிகள் தரம் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன, பல வீடுகள் கொடுக்கவும் செய்கின்றன. பிரித்துக் கொடுத்ததை வாசலிலேயே ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் வண்டியில் தடுப்பு இல்லை என்கிறார் ஓட்டிவந்தவர், அது அவர் குற்றமும் அல்ல. காய்ந்த கவர்களை மட்டும் வாங்கிக்கொள்ள வாரத்தில் ஒருநாளை உள்ளாட்சி ஒதுக்கி, அன்றைக்குத் தனிச் சாக்கோடு வண்டியை அனுப்ப வேண்டும்.