உப்புக்காற்றுக்கு எந்த ரோலர்?

முதல் நன்மைக்கும் கலியாண வீட்டுக்கும் தலைமயிரை அலை அலையாக விட ஆசைப்படுகிற பேசாலைப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான். ஏறக்குறைய 15 கிலோமீற்றர் போய் மன்னார் நகரத்துப் பார்லரில் செய்வித்துக்கொண்டு ஓட்டோவில் திரும்பலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே ரோலர் சுற்றலாம். ஓட்டோவில் வருகிற வழியெல்லாம் கடற்காற்று அடிக்கும். கோயில் வாசலில் இறங்கும்போது பாதி அலை போயிருக்கும். அதனால் நான் வீட்டுப் பக்கம். கடையில் கிடைக்கிற நாலு வகை ரோலரையும் தோள்வரை வெட்டிய என் முடியிலும், இடுப்புவரை இறங்குகிற மருமகளின் முடியிலும் மாறி மாறிச் சுற்றிப் பார்த்தேன்.

வாங்குமுன் முடியின் சங்கதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முடி கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவற்றில் ஐதரசன் பிணைப்புகளும் உண்டு. முடி நனைந்தால் அவை விடுபடும். காயும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி பிணைந்துகொள்ளும். ரோலர் செய்கிற வேலை அவ்வளவுதான். பிறகு காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் ஏற ஏற அதே பிணைப்புகள் மீண்டும் விடுபடும். நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவில் அது சீக்கிரமே நடக்கும். ஆகவே பேசாலையில் நல்ல ரோலர் என்றால், முடியை முழுதாகக் காயவிடுகிற ரோலர். பெட்டியில் அச்சடித்த படத்தை நம்பி வாங்கக்கூடாது.

வெல்க்ரோ ரோலர்தான் எங்கும் கிடைக்கிறது. கிளிப் இல்லாமலே முடியைப் பற்றிக்கொள்ளும், உள்ளே வெற்றிடமாக இருப்பதால் காற்றோட்டமும் நல்லது. என் முடியில் உச்சிப் பகுதியைத் தூக்கிக்காட்டியது. முன்முடி அழகாக வளைந்தது. மருமகளின் முடியில் அதைச் சுற்றவே கூடாது. நீண்ட, அடர்ந்த முடிக்குள் அந்தக் கொக்கிகள் சிக்கினால் கழற்றும்போது முடி அறும். ஸ்பொஞ் ரோலர் தலைக்கு இதமானது, போட்டுக்கொண்டு படுக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் ஸ்பொஞ் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முடி சொட்டச் சொட்ட இருக்கும்போது சுற்றினால் விடியும்வரை உள்சுற்று காயாது. பிளாஸ்ரிக் பூட்டு அழுத்துகிற இடத்தில் முடியில் ஒரு மடிப்பும் விழும்.

சூடேற்றும் ரோலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1960களில் டென்மார்க்கில் கார்மன் என்ற பெயரில் வந்து உலகமெங்கும் பரவிய சாமான் இது. உலர்ந்த முடியில் சுற்றி, ரோலர் ஆறும்வரை விட்டால் போதும். அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடியும். அலையும் வெல்க்ரோவை விட நேரம் நின்றது. ஆனால் கனடாவிலுள்ள அக்கா அனுப்பினார் என்று உடனே பிளக்கில் போட்டுவிடாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. 120க்குச் செய்த ரோலர் பெட்டி இங்கே மூன்றரை மடங்குக்கும் கூடுதலான மின்வலுவை இழுக்கும். கருகும், தீப்பிடிக்கவும் கூடும். அடியில் 100 முதல் 240 வோல்ற் என்று போட்டிருந்தால் பயமில்லை. லண்டனிலிருந்து வருவது பெரும்பாலும் அப்படியே பொருந்தும், சதுர முள் பிளக்கும் எங்களுடையதேதான். கரண்ட் இல்லாவிட்டால் எந்தப் பெட்டியும் உதவாது என்பதை 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் வாங்கச் சொல்வது வளைகம்பி ரோலரை. நடுவில் கம்பி, மேலே மென்மையான உறை, ஒரு சாண் அளவு நீளம். சுற்றியபின் இரண்டு முனையையும் மடக்கினால் பூட்டிக்கொள்ளும். நீண்ட முடிக்கு இது ஏன் நல்லது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்ட ரோலரின் சுற்றளவு கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர். 60 சென்ரிமீற்றர் முடி அதில் ஏழெட்டுச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். உள்ளே இருக்கிற நுனி இறுக்கமாகச் சுருளும், வெளியே இருக்கிற மேற்பகுதி தளர்வாகவே வளையும், நடுப்பகுதி கடைசியாகக் காயும். வளைகம்பியிலோ முடியைக் கொடி ஏறுவதுபோல நீளவாக்கில் சுற்றலாம். சுற்றுகள் பக்கம் பக்கமாக விழுவதால் மேலிருந்து நுனிவரை ஒரே அளவு அலை, காற்றும் எல்லாச் சுற்றிலும் படும். மருமகளின் தலையில் மாலைவரை நின்றது இதுதான். கரண்டும் தேவையில்லை.

சுற்றுவதற்கு முதல் நாளே எண்ணெய்யைக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் முடி வழுக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பான வீடுகளில் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து வையுங்கள். முடி முக்கால்வாசி காய்ந்தபின் சுற்றுங்கள். சோளகக் காலத்தில் முற்றத்தில் இருந்தாலே மிச்சமும் காய்ந்துவிடும். இந்தத் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனியை 2020இல் நிறுவியது சும்மாவா? மாரியில், ஐப்பசி கார்த்திகையில், ஓர் இரவு போதாது; விசிறிக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து விரலால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, திரும்பவும் சுற்றிவிடுங்கள். அவிழ்த்தபின் சீப்புப் போடாமல் விரலால் கோதிவிட வேண்டும்.

விட்டத்தில் ஒரு சிறிய தந்திரம் உண்டு. உங்களுக்கு வேண்டிய அலையைவிட ஓர் அளவு சிறிய ரோலரையே வாங்குங்கள், எங்கள் காற்று அதைத் தளர்த்திவிடும். முதல் நன்மைக்கு நெட் போடுகிற பிள்ளைக்கு உச்சி முடியைச் சுற்றாமல் படிய விட்டுக் காதுக்குக் கீழேயிருந்து தொடங்கினால் கிரீடமும் வழுக்காது.