நிறத்துக்காகப் பிறந்த நெசவு

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்களும் இரண்டு பேரும் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொரு நாடா. கரையின் குறுக்கு இழையான ஊடையும் உடலின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு தத்தம் பக்கம் திரும்பிவிடும். ஒவ்வொரு ஊடைக்கும் இது நடந்தாக வேண்டும். ஒரே நாடாவைக் கரைக்குக் கரை ஓட்டினால் அதே சேலை பாதி உழைப்பில் முடிந்துவிடும். துணைக்கு ஆளும் வேண்டாம். இருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கடினமான வழியையே இந்த ஊர் ஏன் தேர்ந்தது? உறுதிக்காக என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கோர்வை நன்றாக அமைந்தால் சேலை நைந்த பிறகும் கரை விட்டுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் கரையும் உடலும் ஒரே நிறமாக இருந்தால் கோக்கவே தேவையில்லை. ஒரே ஊடை இன்னும் உறுதியாகவே பிடித்திருக்கும். கோர்வையின் மூலகாரணம் நிறம். மாம்பழ மஞ்சள் ஊடை, நெடுக்கு இழையான அரக்குப் பாவின் மேல் ஓடினால் அரக்கு மங்கிவிடும். அரக்குக் கரை அரக்காகவும் மஞ்சள் உடல் மஞ்சளாகவும் கலப்பின்றி நிற்க வேண்டுமென்றால், ஒன்றின் ஊடை மற்றதன் பாவுக்குள் நுழையக் கூடாது. அந்த ஒரு தேவைக்காகத்தான் மூன்று நாடாக்களும் இரண்டு பேரும்.

முந்தியிலும் இதே கணக்குதான். உடலின் பாவை அப்படியே முந்திக்கும் ஓடவிட்டால் முந்தியின் நிறத்தில் உடலின் சாயல் படிந்துவிடும். ஆகவே உடல் முடியும் இடத்தில் பாவு இழைகள் ஒவ்வொன்றையும் வேறு நிறப் பாவு இழையோடு பிணைத்து மாற்றுகிறார்கள். பிட்னி எனப்படும் இந்த வேலை கண்ணையும் விரலையும் வருத்துவது. ஆயிரக்கணக்கான இழைகளோடு தொடர்புடையது. இரு நிற இழைகள் கலந்தால் என்ன ஆகும் என்பது தெரியாமல் செய்த காரியமல்ல இது. பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் வைத்து, மடிப்புக்கு மடிப்பு மின்னும் மயில் கழுத்து நிறத்தைக் கலந்தே உண்டாக்கியவர்களும் இதே நெசவாளர்கள்தான். எங்கே கலக்க வேண்டும், எங்கே கலக்கவே கூடாது என்பதை முடிவு செய்தபின் அதற்கேற்ற நெசவை அமைத்தார்கள். எனவே காஞ்சிப் பட்டில் சாயம் நெசவுக்கு முந்தைய ஒரு சில்லறை வேலை என்று கருதுவது தலைகீழான பார்வை. நிறம் கேட்டதை நெசவு செய்துகொடுத்தது. இதை ஏற்றுக்கொண்டால் இன்னொன்றையும் ஏற்க வேண்டிவரும்: நெசவைக் காக்க இத்தனை ஏற்பாடுகள் செய்த நாம், அந்த நெசவைக் கேட்ட நிற அறிவைக் காக்க ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை.

ஏற்பாடுகளை வரிசையாகப் பார்க்கலாம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. அது கேட்கும் கேள்வி, தறி எதனால் இயங்குகிறது என்பது. பட்டு அசல்தானா என்று சொல்ல மத்திய பட்டு வாரியத்தின் பட்டு முத்திரை இருக்கிறது. ஜரிகைக்காக 1971இல் காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில், சென்னையில் அறிமுகமான இந்தியக் கைத்தறி முத்திரை சாயத்தையும் கவனிக்கிறது: நிறம் வெளுக்கக் கூடாது, தீங்கு தரும் சாயம் கூடாது. இது நல்ல தொடக்கம். என்றாலும் சாயம் கெடுதல் செய்யாதிருந்தால் போதும் என்ற அளவிலேயே அந்தக் கவனம் நிற்கிறது. நூலுக்கும் தறிக்கும் ஜரிகைக்கும் கிடைத்த பெருமை சாயப்பட்டறைக்குக் கிடைக்கவில்லை. விருது பெற்ற நெசவாளர்களின் பெயர்கள் ஊருக்குத் தெரியும். அவர்கள் நெய்த நூலுக்கு நிறம் கொடுத்த கை யாருடையது என்பது எங்கும் எழுதப்படுவதில்லை.

இந்த மறதி பழையதல்ல. மொழியே அதற்குச் சாட்சி. தமிழில் நிறங்களின் பெயர்கள் பலவும் சாயப்பொருள்களின் பெயர்களே. மஞ்சள் என்பது கிழங்கின் பெயர். அரக்கு என்பது மரக்கிளையில் பூச்சி சுரக்கும் பிசினின் பெயர். அதிலிருந்து பட்டுக்கு ஏற்ற ஆழ்ந்த சிவப்பு கிடைத்தது. சோழமண்டலக் கரையிலும் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் மணற்பாங்கான நிலத்தில் தோண்டி எடுத்த இம்பூறல் வேருக்குச் சாயவேர் என்றே பெயர். பருத்தியில் ஏறிய அந்தச் சிவப்பைத் தேடிக் கப்பல்கள் வந்தன. இலங்கையில் டச்சுக்காரர்கள் அந்த வேரைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். நீலத்துக்கு அவுரி. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மார்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத்தொழிலோடு தொடர்புபடுத்தினார். காஞ்சியைப் பொறுத்தவரை, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு 10ஆம் நூற்றாண்டுக் கச்சிப்பேட்டை நமக்குக் காட்டுகிறது. அரசனுக்கான ஆடை நெய்த பட்டசாலியர் நான்கு சேரிகளில் குடியிருந்தார்கள். ஊரகத்துத் திருமால் கோயிலின் நிர்வாகமும் கணக்கும் அவர்கள் பொறுப்பில் விடப்பட்டன. துணியை அறிந்தவர்களிடம் கோயிலையே ஒப்படைத்த ஊர் இது. இன்று கடையில் அரக்கு நிறச் சேலை கேட்பவருக்குத் தருவதில் அரக்கு ஒரு துளியும் இல்லை. பெயர் தங்கிவிட்டது, அந்தப் பெயருக்குள் இருந்த அறிவு கைவிட்டுப் போனது.

அந்த அறிவு எத்தகையது என்பதை விளக்க வேண்டும். செடியைக் கொதிக்கவைத்து நூலை நனைப்பதுதான் இயற்கைச் சாயம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கச்சாப் பட்டைச் சுற்றி ஒரு பசை இருக்கும். காரம் கலந்த சுடுநீரில் அதைப் போக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதன்பிறகே பளபளப்பு வெளிப்படும், சாயமும் ஏறும். பெரும்பாலான தாவரச் சாயங்கள் தாமாக இழையைப் பிடிப்பதில்லை. படிகாரம் போன்ற ஒரு உப்பு நடுவில் நின்று பிடித்துத்தர வேண்டும். ஒரே சாயம் படிகாரத்தோடு ஒரு நிறம், இரும்போடு இன்னொரு நிறம். அவுரியின் நீலமோ தண்ணீரில் கரையவே கரையாது. காரத் தொட்டியில் புளிக்கவைத்து அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நூலைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். ஆக, சாயக்காரர் அறிந்திருந்தது வேதியியல். ஊர்க் கிணற்றின் சுண்ணாம்பும் இரும்பும் அந்த அறிவின் பகுதிகள். காஞ்சிப் பட்டின் மெருகுக்குப் பாலாற்று நீரே காரணம் என்று ஊரார் சொல்லிவந்ததை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாது.

பிறகு வந்த மாற்றம் வேகமானது. 1856இல் லண்டனில் பெர்கின் என்ற வேதியியலாளர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் மஞ்சிட்டிச் சிவப்பின் மூலப்பொருள் ஆய்வுக்கூடத்தில் உருவானது. சாயவேரின் சிவப்பும் அதே பொருள்தான். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, அவுரி வயல்கள் மறையத் தொடங்கின. இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழுகிறது, அதை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். நாம் இன்று காஞ்சிப் பட்டு என்று கொண்டாடும் பெரும்பகுதியும் செயற்கைச் சாயத்தில் பிறந்ததுதானே? எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உருவாக்கியதாகச் சொல்லப்படும் எம்.எஸ். புளூ அவுரித் தொட்டியிலிருந்து வந்ததல்ல. ருக்மிணி தேவி 1930களில் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் அமைத்துப் பழைய அகலக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டபோதும் புதிய சாயங்கள் நிலைபெற்றுவிட்டிருந்தன. இந்த வாதம் சரியானது. செயற்கைச் சாயம் காஞ்சிபுரத்தின் எதிரி என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஆனால் எம்.எஸ். புளூ எதைக் காட்டுகிறது? ஒரு கண் ஒரு நீலத்தை நினைத்தது, ஒரு கை அதை நூலில் கொண்டுவந்தது, தமிழ்நாடே அதைப் பெயர் சொல்லிக் கேட்டது. வேதிப்பொடியைக் கையாளும்போதும் நிறம் ஒரு கலையறிவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த அறிவுக்கு ஏடு இல்லை, பள்ளி இல்லை, வாரிசு இல்லை என்பதே என் கவலை.

இரண்டாவது எதிர்வாதம் சூழலைப் பற்றியது. இயற்கைச் சாயம் என்றாலே தூயது என்பது பாதி உண்மை. குரோமியம், வெள்ளீயம் போன்ற உலோக உப்புகளைக் கொண்டு நிறம் பிடிக்கவைத்தால் கழிவுநீர் நஞ்சாகவே இருக்கும். விறகு வேண்டும், தண்ணீர் கூடுதலாக வேண்டும், சாயப்பயிருக்கு நிலம் வேண்டும். ஆனால் மறுபக்கத்தில் நாம் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. பாலாற்றின் மேற்பகுதியில் தோல் தொழிற்சாலைகள் செய்த கேடு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996இல் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்தது. இரண்டிலும் தெரிவது ஒன்றே: தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் அதை இயக்காதபோது ஆறு பலியாகிறது. பொட்டலத்திலிருக்கும் பொடியைக் கொட்டிக் கலக்குவது மட்டுமே வேலை என்றாகிவிட்ட இடத்தில், கழிவைப் பற்றிய அக்கறையையும் எதிர்பார்க்க முடியாது. சாயக்காரரைக் கூலியாளாகச் சுருக்கியதும் நீர் கெட்டதும் தொடர்பில்லாத நிகழ்ச்சிகள் அல்ல.

உலகின் பிற கைத்தொழில் ஊர்கள் இதை எப்படிக் கையாண்டன? ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கு 1993இல் ஒரு தனிச்சட்டமே இயற்றப்பட்டது. தீவுவாசிகள் தங்கள் வீடுகளில் கைத்தறியில் நெய்திருக்க வேண்டும் என்பதோடு, கம்பளிக்குச் சாயமிடுவதும் நூற்பதும் அந்தத் தீவுகளிலேயே நடக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. எந்தச் சாயம் என்று அது கேட்கவில்லை. சாயத்தொழில் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்கிறது. ஜப்பான் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, பொருளோடு நில்லாமல் அதைச் செய்யத் தெரிந்த மனிதரையே பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. 1955இல் அவுரிச் சாயமிடும் சிபா அயானோ என்ற கிராமத்துப் பெண்மணிக்கு அந்த மதிப்பு கிடைத்தது. துருக்கியில் 1981இல் ஹரால்ட் பியோமர் என்ற ஜெர்மானியர் பழைய கம்பளங்களின் சாயங்களை ஆய்ந்து, எந்தச் செடியிலிருந்து எந்த நிறம் வந்தது என்று கண்டறிந்து, அந்த அறிவைக் கிராமத்து நெசவாளர்களிடமே திருப்பிக் கொடுத்தார். அவர்களின் கூட்டுறவுகள் அதில் நிலைபெற்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக் அச்சுத்துணி செய்யும் கத்ரி சமூகத்தினர் தாவரச் சாயங்களை மீட்டெடுத்திருந்தார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் அவர்களின் ஊரான தமடகாவின் நிலத்தடி நீரில் இரும்பு மிகுந்ததும், நல்ல நீர் தேடிப்போய் அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்துக்கொண்டார்கள். நீருக்காக ஊரை மாற்றும் அளவுக்குச் சாயத்தை அறிந்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது எதிர்வாதம் கடுமையானது: கோர்வையே குறைந்துவரும் காலத்தில் சாயத்தைப் பற்றிப் பேசுவது எதற்கு? கோர்வையில் துணைக்கு உட்கார்ந்தவர்கள் பல காலம் சிறுவர்களாக இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்குப் போனது முழுக்க நல்லது. அந்த நன்மையோடு துணையாள் பற்றாக்குறையும் வந்தது. விசைத்தறிச் சேலை கோர்வைபோலவே தோற்றம் காட்டிக் குறைந்த விலையில் நிற்கிறது. இதில் சாயத்துக்கும் கூடுதலாகச் செலவழிக்கச் சொன்னால் நெசவாளர் தாங்குவாரா? நெசவாளர் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. பட்டு, ஜரிகை, கூலி ஆகியவற்றின் அருகே இன்றைய சாயச்செலவு சிறிது. திருமணத்துக்கென்று வாங்குவோர் ஜரிகைக்கு மனமுவந்து கொடுப்பதில் ஒரு பங்கை நிறத்துக்கும் கொடுக்க முடியும், அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்தால். மேலும், விசைத்தறி கோர்வையின் தோற்றத்தைப் பின்பற்றிவிடும் காலத்தில் கோர்வை எதற்கு என்று கேட்பவருக்கு நம் பதில் என்ன? ஒன்றின் மேல் ஒன்று படியாத தூய நிறம் என்பதே அந்தப் பதில். அந்த நிறத்தை மதிக்கத் தெரியாத வாடிக்கையாளருக்கு மூன்று நாடாக்கள் வீண்வேலையாகவே தெரியும். சாயத்தின் அருமை மறந்தால் கோர்வையின் நியாயமும் உடன் போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய கனவுகள் அல்ல. கூட்டுறவுச் சங்கங்களிடமும் வீடுகளிலும் உள்ள பழைய சேலைகளின் சாயங்களைத் துருக்கியில் செய்ததுபோல ஆய்ந்து, காஞ்சிபுரத்தின் நெசவாளர் சேவை மையத்தில் ஒரு நிற ஏடாகத் தொகுக்கலாம். செயற்கைச் சாயத்தில் வல்லவர்களின் கலவைக் கணக்கும் அதில் இடம்பெற வேண்டும். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி விளைகிறது. அதைக் கொண்டு குறைந்த அளவிலாவது ஒரு நீலத் தொட்டி நகரிலேயே இயங்கலாம். சேலையின் சீட்டில் நெசவாளர் பெயரோடு சாயமிட்டவர் பெயரும் அச்சாகலாம். விருதுப் பட்டியலில் அவருக்கும் ஓர் இடம் வரலாம். கோயில் கணக்கை நெசவாளர் கையில் கொடுத்து அதைச் செப்பேட்டில் எழுதிவைத்த ஊருக்கு, ஒரு சாயக்காரரின் பெயரைச் சேலைச் சீட்டில் எழுதுவது கடினமான காரியமல்ல. கரையின் அரக்கு உடலின் மஞ்சளில் கலந்துவிடாமல் காக்க இரண்டு பேர் ஒரு தறியில் இத்தனை காலம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அரக்கை உண்டாக்கிய மூன்றாமவருக்கும் அந்தத் தறியில் பங்கு உண்டு.