சொன்ன வண்ணம் செய்யும் எந்திரம்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் திருமழிசை. அவ்வூரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட ஆழ்வார் பாடிய நான்முகன் திருவந்தாதியில் 96 வெண்பாக்கள் உள்ளன. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு பிறக்கும். வீரமாமுனிவரின் அன்னை அழுங்கல் அந்தாதியை அறிந்தவர்களுக்கு இவ்வடிவம் புதிதன்று.

செயற்கை நுண்ணறிவு கதை புனைவதும் ஒருவகை அந்தாதியே. அதுவரை எழுதியதைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்துணுக்குகள் ஒவ்வொன்றின் வாய்ப்பையும் எந்திரம் கணக்கிடுகிறது. ஒன்றைத் தேர்ந்து சேர்க்கிறது. சேர்த்ததையும் உட்கொண்டு மீண்டும் கணக்கிடுகிறது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் அறிவித்த ‘டிரான்ஸ்ஃபார்மர்’ அமைப்பே இதற்கு அடிப்படை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இக்கலை நம் வீட்டுக் கைப்பேசிகளுக்குள்ளும் புகுந்துவிட்டது.

முந்தைய முயற்சிகள் வேறுவகை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீகன் 1976-இல் உருவாக்கிய ‘டேல்ஸ்பின்’, பாத்திரங்களுக்குப் பசியும் தாகமும் கொடுத்து, அவற்றைத் தணிக்கும் வழியைத் தேடவைத்தது. ஒரு கதையில் தாகம் கொண்ட எறும்பு ஆற்றில் விழுந்தது. மூழ்கி இறந்ததோ புவியீர்ப்பு! எறும்பை ஆற்றுக்குள் கொண்டு சென்றது புவியீர்ப்பு. ஆகவே அதுவும் ஆற்றுக்குள் இருந்தாக வேண்டும். அதற்குக் காலில்லை, சிறகில்லை, கரையேற்ற நண்பனுமில்லை. கணிப்பொறியின் தருக்கம் இவ்வாறு சென்றது. நாம் சிரிக்கலாம். ஆயினும் அக்கதையில் ஓர் எறும்புக்காவது தாகம் எடுத்தது. இன்றைய எந்திரத்தின் நடை வழுக்குவதில்லை. நாம் வாசித்த எந்திரக் கதைகள் பலவற்றில் தாத்தா மன்னிக்கிறார், மழை பெய்கிறது, பிரிந்தவர் கூடுகின்றனர். குறைசொல்ல ஏதுமில்லை, மறுநாள் நினைவில் நிற்பதும் ஏதுமில்லை.

காரணம் என்ன? முடிவறியாமல் சொல்சொல்லாகச் செல்வதே என்பர் சிலர். அந்தாதியின் ஈறு முதலைத் தொடவேண்டும் என்பதை மனத்திற்கொண்டே புலவர் தொடங்குகிறார். எந்திரத்துக்கு அந்நோக்கு இல்லை என்பது அவர்தம் வாதம். இதனை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. 2025-இல் ஆந்த்ரோபிக் நிறுவன ஆய்வாளர்கள் தம் எந்திரத்தின் உள்ளியக்கத்தை ஆராய்ந்தபோது, ஆங்கிலப் பாட்டின் ஓரடியைத் தொடங்குமுன்பே அவ்வடியின் இறுதிக்குரிய இயைபுச் சொல்லை அது எண்ணி வைத்திருந்ததைக் கண்டனர். முன்னோக்கும் ஓரளவு உண்டு என்றாகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் பாடுமாறு காஞ்சியில் பல்லவ மன்னன் பணித்தபோது அவர் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். சீடனுடன் ஆழ்வாரும் புறப்பட்டார். பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன்வருமாறு திருவெஃகாப் பெருமாளையும் அழைத்தார். பெருமாளும் எழுந்து நடந்தார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிருக்கை என்பது வைணவ மரபு. மன்னன் மனம்மாறி அழைத்தபின் மூவரும் திரும்பினர். அன்றுமுதல் அவர் ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’.

எந்திரமும் சொன்ன வண்ணம் செய்கிறது. ஆனால் அடியார் ஒருவரின் பொருட்டு எழுந்தவர் பெருமாள். எந்திரமோ எவர் அழைத்தாலும் எழும். மன்னனைப் பாடச் சொன்னால் பாடும். கணிகண்ணனைப் பாடச் சொன்னாலும் அதே சரளத்துடன் பாடும். அது மறுக்கப் பழக்கப்பட்டவை சில உண்டு. மறுத்ததற்காக அது எவ்வூரையும் விட்டு வெளியேற வேண்டியதில்லை. கணிகண்ணன் கதை நிற்பதோ ஊரை இழக்கத் துணிந்த அந்த மறுப்பின்மீதுதான். அதை முதலில் சொன்னவர், அப்படி ஓர் இழப்பைக் கண்டோ அஞ்சியோ சொல்லியிருக்க வேண்டும்.

2024-இல் இலக்கியம் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடல், வாசிப்பதைப் பிறரொருவரின் குரலுக்குச் செவிமடுத்தல் என்று கருதுகிறது. எந்திரக் கதையில் யாருடைய குரலுக்கு நாம் செவிமடுக்கிறோம்? ஆயிரமாயிரம் பேரின் குரல்கள் அரைக்கப்பட்ட மாவுக்கு என்றே சொல்லத் தோன்றுகிறது. அம்மாவில் தமிழ்க் குரல் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு என்பதும் கருதத்தக்கது.

பங்கு விழா மலருக்கென அவ்வூரின் முதல் உபதேசியாரைப் பற்றி எழுதித் தருமாறு எந்திரத்தைக் கேட்டால், பிழையற்ற நான்கு பக்கங்கள் கிடைக்கும். எந்த வாசலில் அவர் திருப்பி அனுப்பப்பட்டார், அன்றிரவு அவருக்குக் கஞ்சி ஊற்றியவர் யார் என்பவற்றைப் பங்கின் மூதாட்டியரிடம் கேட்டறியாமல் அம்மலரை அச்சுக்கு அனுப்பலாகாது என்பது நம் கருத்து.