சுப்ரதா மித்ராவின் முற்றம்

சினிமாக் கல்லூரியின் வாசலை மிதியாமலே அக்கலையில் தேர்ந்தவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்கள் சத்யஜித் ராயைத்தான் முதலில் நினைவுகூர்வார்கள். டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சித்திரக்காரராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே, படமாகப் போவதாக அறிவிப்பு வந்த கதைகளுக்குத் தாமாகவே திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வெளிவந்த பின் இரண்டையும் ஒப்பிட்டுத் தம் குறைகளைத் தாமே கண்டுகொண்ட அவருடைய சாதகமும், 1950-இல் நிறுவனம் லண்டனுக்கு அனுப்பியபோது சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 100 படங்களைப் பார்த்துத் தீர்த்த அவருடைய வேட்கையும் வியக்கத்தக்கவை என்பதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை. ஆயினும் என் மனம் அவர் அருகில் காமிராவைப் பிடித்து நின்ற இளைஞரிடமே போய்த் தங்கிவிடுகிறது.

சுப்ரதா மித்ரா சயன்ஸ் மாணவர். காமிரா உதவியாளராகச் சேர இடம் தேடிக் கிடைக்காதவர். ழான் ரென்வார் தம் 'தி ரிவர்' படத்தை எடுக்கக் கல்கத்தா வந்திருந்த நாட்களில், ஓரமாக நின்று பார்க்க அனுமதி பெற்றுக்கொண்டு, விளக்குகள் எங்கெங்கே நின்றன, நடிகர்கள் எந்த வழியாக நடந்தார்கள், காமிரா எப்படி நகர்ந்தது என்பதையெல்லாம் படம் வரைந்து குறித்துக்கொண்டே வந்தார். காமிராவைத் தொடாத அந்தப் பையனின் குறிப்புகள் எவ்வளவு நுட்பமாக இருந்தனவென்றால், ஒளிப்பதிவாளரான க்ளோத் ரென்வாரே முந்தைய ஒளியமைப்பைச் சரிபார்ப்பதற்கு அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். குருவின் சம்பளப் பட்டியலிலும் மாணாக்கர் ஜாபிதாவிலும் பெயரில்லாத ஒருவர், கண்ணும் பென்சிலுமாக அந்த வித்தையைச் சம்பாதித்துக்கொண்ட விதம் இது. 1952-இல் ராயின் 'பதேர் பாஞ்சாலி' தொடங்கியபோது இருபதைச் சற்றே கடந்திருந்த மித்ரா, அதற்குமுன் சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது 1956-இல் வெளிவந்த ராயின் 'அபராஜிதோ'வின் முற்றத்தைப் பற்றி. காசியில் சிறுவன் அபுவின் தந்தை ஹரிஹரரின் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் அந்த முற்றத்தைத் திறந்த வெளியில் அமைப்பதென்றுதான் முதலில் ஏற்பாடு. மழைக்கு அஞ்சிய கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் நிர்மாணித்துவிட்டார். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே வெயில் எட்டாத, ஆகாயத்திலிருந்து மட்டும் இறங்குகிற அந்த விளிம்பற்ற ஒளியைக் கூரைக்குள் கொண்டுவர இயலாதென்று மித்ரா ராய், சந்திரகுப்தா இருவரிடமும் வாதாடிப் பார்த்துத் தோற்றார். தோற்றவர் செய்ததென்ன? செட்டின் தலைக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை நடிகர்கள்மீது பாய்ச்சாமல் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பி, பட்டுத் திரும்பிய ஒளியைக் கொண்டே காட்சிகளை எடுத்தார். இவ்வகையில் வெளிச்சத்தின் பெரும்பகுதி விரயமாகும். அந்த நாளைய பிலிமோ இன்றையதைப்போல் மங்கலை ஏற்பதும் அன்று. பளிச்சென்று தெரிந்தால் போதுமென்று எண்ணுகிறவர் துணியாத காரியம் அது. ஆளுக்கு மூன்று நிழல் விழுவதை ஸ்டூடியோ வழக்கம் என்று பொறுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. அப்படிப் பொறுத்துக்கொள்ள யாரும் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை என்பதே அதற்குக் காரணமென்று நான் நம்புகிறேன்.

'சிட்டிஸன் கேன்' படத்தில் கிரெக் டோலண்ட் செதுக்கிய கருநிழல்களில் மயங்கிய நண்பர்கள், மித்ராவின் ஒளியில் நாடகம் இல்லை என்கிறார்கள். டோலண்டின் மேதாவிலாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹரிஹரரின் மனைவி சர்பஜயாவின் முகத்தில் கவலை படரும்போது அதை அறிவிக்க விளக்கு ஒன்று தனியே முந்திக்கொண்டு வராமலிருப்பது எத்தகைய சுகம்! இத்தகைய ஒளியமைப்பின் கீர்த்தியை ஸ்வீடன் தேசத்து ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டுக்கே உரியதாக்குகிறவர்களும் உண்டு. அவரும் இயக்குநர் பெர்க்மனும் ஒளியை அத்தனை சிரத்தையாக ஆராய்ந்த 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' 1961-இல்தான் வந்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

துணிக்கும் தெர்மாகோலுக்கும் இன்று எந்தப் படப்பிடிப்பிலும் குறைவில்லை. எந்த ஜன்னல் வழியாக இந்த ஒளி வருகிறது, பொழுது என்ன என்ற விசாரம்தான் அருகிவிட்டது. எல்லா வீடுகளிலும் ஒரே மென்மை, மிச்சத்தைப் படம் எடுத்த பின் வண்ணமும் ஒளியும் திருத்தும் டி.ஐ.யில் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். கல்லூரிக்குப் போகாமல் கற்கும் இளைஞர்களுக்கோ, பிறர் துண்டு துண்டாக நறுக்கி விளக்கம் சொல்லித் தரும் காட்சிகள் கைப்பேசியிலேயே ஏராளம். பார்ப்பதற்கு இத்தனை இருந்தும், விளக்கம் கேட்குமுன் தாமே ஒரு காகிதத்தில் விளக்கின் ஸ்தானத்தை ஊகித்து வரைந்து பார்க்கிறவரைக் காண்பது அரிதாக இருக்கிறது. மித்ராவின் வித்தையோ அந்த வரைதலில்தான் தொடங்கிற்று.

நான் முதன்முதலாக 'அபராஜிதோ'வைப் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத்தின் தேய்ந்த 16 மி.மீ. பிரதியில், அந்த முற்றம் சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. 1993-இல் லண்டன் லாபரட்டரி ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் 'அபராஜிதோ' உள்ளிட்ட மூன்று அபு படங்களின் மூல நெகடிவ்களும் சேதமடைந்தன. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2015-இல் வெளிவந்த புனருத்தாரணப் பிரதியில்தான், சுவரின் காரை உதிர்ந்த இடங்களும் புடவையின் மடிப்புகளும் தனித்தனியே புலப்பட்டன. ராயின் 'சாருலதா'வையே மித்ராவின் சிகரமென்று கொள்வோர் இந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு வாதத்துக்கு வரட்டும். 'அபராஜிதோ'வைத் திரையிடும் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அறிவிப்பில் ராயின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், சுப்ரதா மித்ராவின் பெயரையும் அச்சிடுங்கள்.