இருண்ட கதையின் இரண்டாம் பாகம்

பேயும் பிணமும் சாபமும் நிறைந்த கதைகளை இளம் உள்ளங்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. ஆயினும் அச்சத்தை அடியோடு அறியாமல் வளர்ந்த பிள்ளை தைரியத்தையும் அறியாது என்பதனால், நம் பாட்டிமார்களும் சரி, புராணிகர்களும் சரி, அத்தகைய தடையை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. எனவே அந்த விவாதத்தை விட்டுவிட்டு, சொல்லி முடித்த ஓர் இருண்ட கதைக்கு, கேட்டவர்களின் ஆவலை முன்னிட்டு இரண்டாம் பாகம் படைக்கும் வழக்கம் அக்கதைக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று ஆராய்வதே தகும். இவ்விசாரணைக்குக் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பேன். ஏனெனில் சமீப காலத்தில் நம் இளைஞர்களை வெகுவாக ஆட்கொண்ட அத்தகைய இரண்டாம் பாகம் ஒன்று இந்தத் தங்கவயலின் பெயரைத் தாங்கியே வந்தது.

முதலில் வழக்கத்தின் சிறப்பைக் காண்போம். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா என்ற சிறுவர் மாதப் பத்திரிகையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விக்கிரமனையும் வேதாளத்தையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தமது கதாசரித்சாகரத்தில் சேர்த்துவைத்த வேதாளக் கதைகள் சுமார் இருபத்தைந்துதாம். அவை தீர்ந்த பின்னும் பத்திரிகையின் ஆசிரியர்கள் புதுப்புதுக் கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்துப் பல்லாண்டு காலம் நடத்தினார்கள். உருவிய வாளோடு நடக்கும் அரசனையும் அவன் தோளில் தொங்கும் பிணத்தையும் ஓவியர் சங்கர் வரைந்த சித்திரம், எந்தக் குழந்தையையும் ஒரு கணம் நடுங்க வைக்கத்தக்கது. ஆனால் அந்த நடுக்கத்தோடு கதை நின்றுவிடுவதில்லை. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துச் சிதறும் என்ற எச்சரிக்கையோடு வேதாளம் தர்மசங்கடமான ஒரு கேள்வியைக் கேட்க, அரசன் வாய் திறப்பதற்கு முன் வாசிக்கும் பிள்ளையும் தன் மனத்துக்குள் ஒரு தீர்ப்பை எழுதியாக வேண்டியிருந்தது. பயத்தின் வழியே விவேகத்துக்கு அழைத்துச் சென்ற இந்த உபாயமே அத்தொடர்ச்சிக்கு நியாயம் கற்பித்தது.

குறையும் அங்கேயே இருந்தது. மூலக்கதையில், விடை காண இயலாத ஒரு கேள்வியின் முன் அரசன் மௌனமாகிறான். அந்த மௌனத்தை மெச்சிய வேதாளம், பிணத்தைக் கொண்டுவர அவனை அனுப்பிவிட்டு மயானத்தில் காத்திருக்கும் துறவியின் வஞ்சகத்தை அவனுக்கு வெளியிட்டு உயிர்காக்கிறது. விடைகளால் பெற முடியாததை ஒரு மௌனத்தால் பெறுகிற அந்த உன்னதமான முடிவு, மாதந்தோறும் கதை வேண்டியிருந்த பத்திரிகையில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. விடை சொன்னதும் வேதாளம் பறந்து ஏறிக்கொள்ளும் மரத்துக்கு அரசன் எத்தனை முறை திரும்பினாலும் முன்னிலும் பக்குவப்பட்டவனாகத் திரும்பவில்லை. முடிவை இழந்த கதையில் அச்சம் நாளடைவில் சடங்காகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் இல்லை.

இனி, 2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படத்தையும், 2022 ஏப்ரல் 14ஆம் நாள் வந்த அதன் இரண்டாம் பாகத்தையும் எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் நிறைந்தவையாயினும் அவற்றின் எலும்புக்கூடு மாயக்கதையினுடையதே: சாகும் தறுவாயில் தாய் வாங்கிய வாக்குறுதி, எவரும் நுழைய முடியாத கோட்டை, கொடிய இளவரசன், தனியாகப் புகும் வாலிபன். முதற் பாகத்தில் கதையைச் சொன்ன எழுத்தாளரின் இடத்தில் இரண்டாம் பாகத்தில் அவருடைய மகன் அமர்வதும், தேடிச் சேர்த்த பொன் முழுவதும் நாயகனோடு கடலில் மூழ்குவதும் மெச்சத்தக்க கற்பனைகள். அம்புலிமாமா தள்ளிவைத்த முடிவை இயக்குநர் பிரசாந்த் நீல் துணிந்து அளித்தார் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இருந்தும் அந்த முடிவு நம் நெஞ்சைத் தொட வேண்டிய அளவுக்குத் தொடவில்லை. முதற் பாகத்தில், கண்பார்வை இழந்ததனால் கொலைக்கு இலக்காகும் ஒரு முதிய அடிமையைக் காக்க நாயகன் வெகுண்டெழுகிறான். அங்கே கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது, ஆகவே கோபத்துக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. இரண்டாம் பாகத்திலோ மாண்டுபோன அந்தக் கொடிய இளவரசன் கருடனின் இடத்துக்கு அவனுடைய சிற்றப்பன் அதீரா வருகிறான், ஆயுதங்கள் பெருகுகின்றன, அடிமைகள் மட்டும் முகம் இழந்து, நாயகனைத் துதிக்கும் கூட்டமாகச் சுருங்கிவிடுகிறார்கள். இருளை ஆழமாக்குவதற்குப் பதிலாக அகலமாக்கிவிட்டார்கள்.

ஆழம் எத்தகையது என்பதை நந்திதுர்க் அறியும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த இந்த வயலில், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர்கள் லைன் வீடுகளில் குடியிருந்து, கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். பக்கத்துச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தின் வெப்பத்தில், முன்னறிவிப்பின்றி வெடிக்கும் பாறை பல குடும்பங்களைக் குலைத்தது. கைரேகை பதிய வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்து 1930இல் இங்குள்ள தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது, கோட்டைக்குள் புகும் தனி வீரன் ஒருவனுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் நடப்பதே உண்மையான இரண்டாம் பாகம்: சுரங்கம் விட்டுச்சென்ற சயனைடு கழிவு மேடுகளின் தூசி காற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் புகுகிறது, தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். மாயக்கதை சரித்திரமாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை; ஆனால் தான் கால்பதித்த மண்ணின் துயரத்தைவிட ஆழம் குறைந்த கற்பனை, இளைஞனின் ஆயுளுக்குத் துணை வராது.

ஆகவே, முன் கதை எழுப்பிய கேள்வியை மேலும் கூர்மையாக்கி, தக்க முடிவுக்குக் கொண்டுசெல்லும் தொடர்ச்சி வரவேற்கத்தக்கது. அசுரனை மட்டும் பெரிதாக்கும் தொடர்ச்சி வியாபாரத்தோடு முடிவது. வேதாளத்தின் கேள்வியையும் திரைப்படத்தின் துணிந்த முடிவையும் ஒருங்கே கொண்டு, நந்திதுர்க்கின் இருளிலிருந்து ஓர் இளையோர் நாவலைத் தமிழில் எழுத நம் எழுத்தாளர்கள் முன்வர வேண்டும். பொன் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வாசிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். எழுதித் தர நாம்தான் கடமைப்பட்டிருக்கிறோம்.